இங்கிலிசன் கடையின் சின்ன யன்னல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் பௌதிகமும் இரசாயனமும் படித்தவன். முனி நிற்கிறது என்று ஊரே சுற்றிப் போகிற பாதையால் டியூசன் முடிந்து தனியாகச் சைக்கிளில் வந்தவன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. குடிக்கிற கடையில் நடந்த விடயம் என்பதால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

எண்பதுகளின் கடைசி. நான் டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் இருந்தேன். காலையில் டெனிஷ் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பப்பில் துப்புரவு வேலை. துறைமுகப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில் இருந்த அந்தக் கடையை ஆல்ஃப் என்ற ஓர் இங்கிலிஷ்காரர் நடத்தினார். அதற்கு லாம்பு படம் போட்ட பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது, ஆனால் எங்களுடைய ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் கடை என்றும் சொல்ல முடியாது, அந்த ஊரில் எல்லாக் கடையும் வெள்ளைக்காரன் கடைதானே. அதனால் ‘இங்கிலிசன் கடை’ என்றுதான் சொல்வோம்.

ஆல்ஃப் ஹல் என்ற துறைமுகத்தைச் சேர்ந்தவர். கப்பலில் சமையல்காரராக வந்து, ஒரு டெனிஷ்காரியைக் கட்டி, அவள் விட்டுப்போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். பெரிய வயிறு, மெல்லிய குரல். டெனிஷ் கடைகளில் பியர் பல் கூசும் குளிரில் வரும், மேலே நுரை நிற்கும். ஆல்ஃபின் பியர் அப்படி இல்லை. கபில நிறம், நுரை கிடையாது, நிலவறையின் குளிரோடு சரி. பீப்பாவில் கப்பலேறி வரும். வந்தவுடன் ஊற்ற முடியாது, உருட்டிக்கொண்டுபோய் நிலவறையில் படுக்கவைத்து அது அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். மேலே கவுண்டரில் நீண்ட மரக் கைபிடி இருக்கும், அதை இழுத்தால் கீழேயிருந்து ஏறும், கிணற்றடியில் பம்ப் அடிப்பது மாதிரித்தான். டெனிஷ்காரர் ஒரு முறை குடித்துப் பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று முகத்தைச் சுழிப்பார்கள். ஆல்ஃபுக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, பின்னேரம்தான் திரும்பத் திறப்பார். டென்மார்க்கில் அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில் முதலாம் உலக யுத்தத்தில், தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் விடுவார்கள் என்று போட்ட சட்டமாம், யுத்தம் முடிந்தும் எடுபடாமல் கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அங்கே அதை எடுத்தார்கள், இனி நாள் முழுக்கத் திறக்கலாம் என்று. ஆல்ஃப் அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு, “அப்படியென்றால் எல்லாம் முடிந்தது” என்று மட்டும் சொன்னார். தன் கடையை அதற்குப் பிறகும் மத்தியானத்தில் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நான் வேலை செய்தது அந்தப் பூட்டிய நேரத்தில். பித்தளை மினுக்குவது, தரை கழுவுவது, கிளாஸ் துடைப்பது. ஆல்ஃப் கவுண்டரில் இருந்து பேப்பர் வாசிப்பார். மூன்றாவதாக இன்னொருவரும் இருப்பார், செபமாலை அண்ணை.

செபமாலை அண்ணை மன்னார்க்காரர். மீன் ஃபக்டரியில் அதிகாலை வேலை. என்னோடு ஒரே வீட்டில் இருந்தார், நாங்கள் நாலு பேர் அந்த வீட்டில். மனைவி லூர்துவும் மகள் ஜெனிற்றாவும் மன்னாரில். அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அந்த வருடங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிறகு தமிழர் வழக்கு என்று பெயர் வந்ததே, அதுதான். சட்டப்படி மனைவி பிள்ளைகளைக் கூப்பிட உரிமை இருந்தது, ஆனால் அரசாங்கத்தில் விண்ணப்பக் கட்டுகளை வேண்டுமென்றே எடுத்துப் பார்க்காமல் அப்படியே வைத்திருந்தார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் எங்கோ ஒரு கையெழுத்துப் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, “அண்ணை, விசா வந்ததோ?” கோயிலில் அதே கேள்வி, பஸ் தரிப்பில் அதே கேள்வி, வீட்டுக்குள் கதவைத் திறந்தால் அதே கேள்வி. செபமாலை அண்ணைக்கு அந்தக் கேள்வி இல்லாத ஒரே இடம் இங்கிலிசன் கடை. அதற்காகத்தான் வந்தார். அரைக் கிளாஸ் பியரை வைத்துக்கொண்டு, தெரு யன்னலுக்குத் தெரியாத மூலையில், வேலை உடுப்பில் மீன் மணத்தோடு இருப்பார். ஆல்ஃப் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார், ஹல்லும் மீன் ஊர்தானே.

ஒருநாள் செபமாலை அண்ணை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, உவரிட்டை ஒருக்காச் சொல்லும். எங்கடை ஆக்கள் ஆரும் வந்து என்னைக் கேட்டா, நான் இல்லை எண்டு சொல்லச் சொல்லி.”

“ஏன் அண்ணை, நீங்கள் களவோ செய்யிறியள்?”

“மனிசி அங்கை சண்டைக்குள்ளை கிடக்குது, இவர் இஞ்சை இருந்து குடிக்கிறார் எண்டு கதைப்பினம். அவையள் சொல்லுறதும் சரிதானே.”

நான் ஆல்ஃபுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இதை எனக்குப் படிப்பிக்கவேண்டுமா, இங்கிலாந்தில் கடை நடத்துகிறவன் முதலில் படிக்கிற பாடமே இதுதான் என்றார். ஒரு மனைவி வந்து புருசன் இருக்கிறாரா என்று கேட்டால், அவன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்றாலும் பதில் ஒன்றுதான். ‘நொட் இன், லவ்.’ ஆள் உள்ளே இல்லை என்று அர்த்தம். அந்த லவ் என்பது காதல் இல்லை, அந்தப் பக்கத்தில் பஸ் கொண்டக்டரும் கிழவியைப் பார்த்துச் சொல்கிற சொல்லாம். அதைச் சொல்லிவிட்டு, பக்கத்துச் சுவரில் இருந்த சின்ன யன்னலைத் தட்டிக் காட்டினார்.

அந்த யன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைக்குப் பக்கவாட்டில் இன்னொரு தெருக்கதவு இருந்தது. அதைத் திறந்தால் மூன்று பேர் முட்டிக்கொண்டு இருக்கக்கூடிய ஒரு சின்ன அறை. அந்த அறைக்கும் கவுண்டருக்கும் நடுவில் பனிக்கண்ணாடி போட்ட ஒரு சின்ன யன்னல், மேலே தள்ளித் திறப்பது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரின் நிழல் தெரியும், முகம் தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் ஆண்களோடு நின்று குடிப்பதில்லையாம். குடிக்க ஆசைப்பட்டவர்கள் அந்த அறைக்குள் வந்து யன்னலால் வாங்கி ஒருவருக்கும் தெரியாமல் குடித்துவிட்டுப் போவார்கள். குடிக்காத பெண்களும் அதே யன்னலுக்குத்தான் வருவார்கள், புருசனைக் கேட்டு. ஹல்லில் ஆல்ஃப் குடித்துத் திரிந்த பழைய பப்பை இடித்தபோது, அந்த மரச்சட்டத்தையும் யன்னலையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டியிருந்தார். டெனிஷ்காரருக்கு அது எதற்கென்றே விளங்காது. குளிர்காலத்தில் கடைக்குள் இருந்த கதவால் போய் அந்த அறைக்குள் கோட்டுகளைத் தொங்கவிடுவார்கள். தெருக்கதவு எப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடிதான் இருக்கும்.

மார்கழி மாதம். நத்தார் நெருங்கியிருந்தது, தெருவெல்லாம் வெளிச்சம் கட்டியிருந்தார்கள். பின்னேரம்தான், ஆனால் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, டென்மார்க் மார்கழி உங்களுக்குத் தெரியும். கடை பூட்டியிருந்தது. ஆல்ஃப் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார். நான் கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். செபமாலை அண்ணை தன் மூலையில். ரேடியோகூட இல்லை. அப்படி ஒரு அமைதி.

சின்ன யன்னலில் யாரோ தட்டினார்கள். விரல் முட்டியால் இரண்டு தட்டு, அதிகம் சத்தமில்லாமல், கரைச்சல் கொடுக்கக் கூச்சப்படுகிறவர் தட்டுவது மாதிரி. நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிழல் விழுந்திருந்தது. ஒரு பெண் என்று தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

“ஜெனிற்றான்ரை அப்பா இஞ்சை நிக்கிறாரோ?”

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், என் இரண்டு காதாலும் கேட்டேன். சுத்தமான தமிழ். மெல்லிய, களைத்த குரல். அந்தக் கணத்தில் எனக்குப் பயம் வரவில்லை, பயப்படவேண்டும் என்றே தோன்றவில்லை. யாரோ எங்களுடைய ஆள் செபமாலை அண்ணையைத் தேடி வந்திருக்கிறா, ஏன் இந்தக் கதவால் வந்தா என்றுதான் நினைத்தேன்.

ஆல்ஃப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பழக்கத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“நொட் இன், லவ்.”

நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருந்தது.

செபமாலை அண்ணை எழுந்து நின்றார். அவருடைய முகத்தை நான் அதற்கு முன்னும் அப்படிப் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. “லூர்து” என்றார். எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, தனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை. வாங்கைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அந்த யன்னலை மேலே தள்ளினார். உள்ளே நாலைந்து கோட்டுகள் தொங்கின. வேறொன்றும் இல்லை. தெருக்கதவில் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது, உள்பக்கத்தால். அவர் உள்கதவால் சுற்றிப்போய் அந்தத் தாழ்ப்பாளை இழுத்தார், அது இறுகிப்போயிருந்தது, கையால் அடித்து அடித்துத்தான் திறக்கவேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். கதவு திறந்துதான் இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள்.

கோட்டும் இல்லாமல் தெருவில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். நத்தார்ச் சாமான் வாங்குகிற சனம், பைகள், பிள்ளைகள். ஒரு தமிழ்ப் பெண்ணும் இல்லை. இருக்கவும் முடியாது, யோசித்துப் பாருங்கள், அந்த நேரம் ஓல்போர்க்கில் எத்தனை தமிழ்ப் பெண்கள் இருந்திருப்பார்கள்? மனைவிமாரை விடவில்லையே, அதுதானே வழக்கே. செபமாலை அண்ணை தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலெடுத்துக் கத்தினார்.

“லூர்து! நான் இஞ்சைதான் நிக்கிறன்! இஞ்சைதான் நிக்கிறன்!”

சனம் விலகிப் போனது. ஒரு வெறிகாரன் என்று நினைத்திருப்பார்கள். அவர் மேலே வீசிய மீன் மணத்துக்கும் பியர் மணத்துக்கும் வேறென்ன நினைப்பார்கள். நான் அவருடைய கையைப் பிடித்தேன். “அண்ணை, உள்ளை வாங்கோ, குளிருது.” அவர் என் கையை உதறினார். “நீரும் கேட்டனீர்தானே? சொல்லும், கேட்டனீரோ இல்லையோ?”

“ஓம் அண்ணை, கேட்டனான்.”

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு யோசித்ததுண்டு. ஆனால் பொய் சொல்லியிருந்தால் அவர் தன்னைப் பைத்தியம் என்றல்லவா நினைத்திருப்பார்.

உள்ளே வந்தபோது ஆல்ஃப் தன் இடத்தில் இல்லை. தரையில் இருந்தார், பீப்பா மாதிரி அந்த உடம்பை வைத்துக்கொண்டு, கவுண்டரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி. செபமாலை அண்ணை நேரே அவரிடம் போனார். அவருக்கு இங்கிலிஷ் அரைகுறை. “வை யூ சே நோ? மை வைஃப். வை யூ சே நோ?”

ஆல்ஃப் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“உன் மனைவியிடம் நான் சொல்லவில்லை” என்றார். “என்னுடையவளிடம் சொன்னேன்.”

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். வந்தது தமிழில் அல்லவா, உங்களுக்கு எப்படி விளங்கியது என்று. ஆல்ஃப் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தமிழா, எங்கள் ஊர் இங்கிலிஷ் என்றார். ‘இஸ் அவர் ஆல்ஃப் இன்?’ அதுதான் அவருக்குக் கேட்டது. எங்கள் ஆல்ஃப் உள்ளே நிற்கிறாரா. அவருடைய ஊரில் வீட்டு ஆளை அப்படித்தான் சொல்வார்களாம், பெயருக்கு முன்னால் ‘எங்கள்’ என்று சேர்த்து. டென்மார்க்கில் அவரை அப்படிக் கூப்பிட ஒருவரும் கிடையாது.

அன்று பின்னேரம் அவர் கடை திறக்கவில்லை. மூன்று பேரும் கவுண்டரில் இருந்தோம், யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அப்போதுதான் சொன்னார். டெனிஷ்காரிக்கு முன்னால் ஹல்லில் ஒரு மனைவி இருந்தாள், டொரீன் என்று. கப்பல் கரைக்கு வந்தால் அவர் வீட்டுக்குப் போகமுன் பப்புக்குப் போவார். அவள் அதே யன்னலுக்கு வந்து கேட்பாள். கடைக்காரர் இல்லை என்பார். உள்ளே நிற்கிற ஆண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஒருநாள் அப்படிச் சிரித்துவிட்டு அடுத்த நாள் கப்பலேறியவர் பிறகு வீட்டுக்குப் போகவேயில்லை. அவள் இறந்துபோனது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

“அது அவளுக்குத் தெரியும்” என்றார் ஆல்ஃப். “நான் உள்ளேதான் நிற்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவாள்.”

செபமாலை அண்ணைக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அரைக் கிளாஸ் பியர் தொட்டும் தொடாமலும் அப்படியே இருந்தது, அதைக் கையால் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அவர் குடித்து நான் கண்டதில்லை.

சில நாள் கழித்து லண்டனில் இருந்த அவருடைய மச்சான் ஃபோன் எடுத்தார். லூர்து செத்துப்போனாவாம், நெருப்புக் காய்ச்சலாம். ஊரடங்கு போட்டிருந்தபடியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். செபமாலை அண்ணை எந்த நாள், என்ன நேரம் என்று மட்டும் கேட்டார். அதே நாள்தான். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், இங்கே பின்னேரம். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் நாங்கள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் எல்லாம் வெளியே வந்தது. பேப்பரில், டெலிவிஷனில், எங்கும் எங்களுடைய பேச்சுத்தான். கட்டுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு வருடக்கணக்காக விசாரணை நடந்து, அது ஒரு அரசாங்கத்தையே கவிழ்த்தது, எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட. செபமாலை அண்ணைக்கு வசந்தகாலத்தில் அனுமதி வந்தது, இரண்டு பேருடைய பெயருக்கும். லூர்து செபமாலை, ஜெனிற்றா செபமாலை. கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள், கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். இவர் “தக்” என்று சொல்லிவிட்டு வந்தார். நன்றி. வேறென்ன சொல்ல.

ஜெனிற்றா சின்னம்மாவோடு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து விமானத்தில் வந்தாள். கொஞ்சக் காலத்தில் செபமாலை அண்ணை மகளோடு ஃபிரெடெரிசியா என்ற வேறு டெனிஷ் ஊருக்கு மாறிப் போய்விட்டார். ஆல்ஃப் அந்த வருடமே கடையை விற்றுவிட்டு ஹல்லுக்குப் போனார். டொரீனின் கல்லறை எங்கே என்று தெரியாது, தேடவேண்டும் என்றார். தேடிக் கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது, ஒரு தபாலட்டையும் வரவில்லை. வாங்கியவன் அதை வழக்கமான டெனிஷ் குடிக்கடையாக மாற்றினான். நிலவறைப் பீப்பாக்களும் போயின, மத்தியானம் பூட்டுகிற வழக்கமும் போயிற்று. பிறகு அது சலூனாக இருந்தது. அந்தச் சின்ன யன்னலை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. நானும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

நான் இதற்கெல்லாம் காரணம் தேடிப் பார்த்தவன். மூன்று பேரும் களைத்திருந்தோம், தெருவில் போன யாருடையவோ நிழல் விழுந்தது, ஒவ்வொருவரும் தன் மனதில் கிடந்ததைக் கேட்டோம் என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பரவாயில்லாத விளக்கம். என்னுடைய மனதில் லூர்து கிடக்கவில்லையே, நான் ஏன் தமிழில் கேட்டேன் என்ற ஒரு கேள்விதான் அதற்குள் அடங்கவில்லை. அதையும் ஒரு மாதிரி அடக்கி வைத்திருந்தேன், போன வருடம் வரைக்கும்.

போன வருடம் ஜெனிற்றாவின் மகனுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். ஃபிரெடெரிசியாவுக்குப் போனேன். ஜெனிற்றா இப்போது அங்கே நர்ஸாக இருக்கிறாள், புருசன் டெனிஷ்காரன், நல்ல பெடியன். மண்டபத்தில் தமிழரும் டெனிஷ்காரரும் கலந்து இருந்தோம். செபமாலை அண்ணை சக்கரக் கதிரையில், மடியில் பேரனுடைய கோட்டை வைத்துக்கொண்டு. பேரன் வந்து “மோர்ஃபா”, அதாவது அம்மப்பா, என்று கூப்பிட்டு ஏதோ டெனிஷில் கேட்டான், இவர் தமிழில் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் விளங்கியது. ஜெனிற்றாவின் புருசன் எனக்கு ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தான். கபில நிறப் பியர், நுரை இல்லை, மெல்லிய குளிர். ஊரில் புதிதாக ஒருவன் காய்ச்சுகிறானாம், இங்கிலிஷ் முறையில். இப்போது இங்கே இளம் ஆட்களுக்கு அதுதான் விருப்பம். இங்கிலாந்தில் என்னவென்றால் பப்புகளைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள், லண்டனில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பப்பில் எங்களுடைய ஆள் ஒருவர் இப்போது தோசை விற்கிறார். ஆல்ஃப் இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். ஜெனிற்றா தனியாக நின்று பீங்கான் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா இருந்திருக்கவேணும் மாமா” என்றாள். “இண்டைக்குக் காலமை தொடக்கம் அவவின்ரை ஞாபகமாவே கிடக்கு.”

“உனக்கு அம்மாவை ஞாபகம் இருக்கோ பிள்ளை?”

“முகம் வடிவா வரமாட்டுது. கடைசி நாள் மட்டும் நல்லா ஞாபகம். காய்ச்சல்லை ஒரே விசாக் கதைதான். யன்னலடியிலை போய் அப்பாவைக் கேட்டனான், இல்லை எண்டு சொல்லிப்போட்டினம், எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவ. பாவம், ஒருநாளும் எம்பஸிக்குப் போகாத மனிசி. சின்னம்மா ஆக்கள் எல்லாரும் அழுதவை, இந்த விசாவாலைதான் இவவுக்கு மூளை குழம்பிப்போச்சு எண்டு.”

நான் போத்தலைக் கீழே வைத்தேன். அவள் கவனிக்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“வேற என்ன சொன்னவ?”

“லைனிலை தனக்கு முன்னாலை ஒரு வெள்ளைக்கார மனிசி நிண்டவவாம். கையிலை துணியாலை மூடின பீங்கான் ஒண்டு வைச்சிருந்தவவாம், சாப்பாடு ஆறிப்போகுது எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவவாம். அவவும் ஆரையோ கேட்டவவாம், அவவுக்கும் இல்லை எண்டுதான் சொன்னதாம். அவவுக்கே இல்லையெண்டா எனக்கு எப்பிடிச் சொல்லப்போகினம் எண்டு அம்மா சொன்னவ.” அவள் தண்ணீரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள். “ஏன் மாமா, அந்த நேரம் விசா ஒஃபிசிலை வெள்ளைக்காரரும் லைனிலை நிண்டவையோ?”

“தெரியாது பிள்ளை” என்றேன்.

வெளியே அவளுடைய அப்பா பேரனின் கோட்டை மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அந்த ஒரு பின்னேரத்தை அவர் என்னிடம்கூடத் திரும்பக் கதைத்ததில்லை. அவரிடம் போய், அவ உண்மையாகவே வந்தவ, நீங்கள் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினவ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அது விசா லைனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆல்ஃப் எனக்கு டொரீனைப் பற்றிச் சொன்னதில் பீங்கான் ஒன்றும் இல்லை, சாப்பாடு ஒன்றும் இல்லை. ஆகவே எங்கள் வாயால் அது இவர்களுக்குப் போயிருக்க முடியாது, நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நான் குசினியை விட்டு வெளியே போகத் திரும்பியபோது ஜெனிற்றா, கையைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றைச் சொல்வது மாதிரி இன்னொன்றும் சொன்னாள். அதுதான் இப்போது என்னை விடுவதில்லை. ஓல்போர்க்குக்குப் போனால் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிற ஆளாகிவிட்டேன், முனிக்குப் பயப்படாத நான்.

“அம்மா திரும்பி வந்திட்டாவாம் மாமா” என்றாள். “அந்த வெள்ளைக்கார மனிசிதான் போகமாட்டன் எண்டவவாம். அவர் உள்ளைதான் நிக்கிறார், வருவார் எண்டு சொல்லி அதிலையே நிண்டிட்டாவாம்.”